12ஆம் தேதி வரை தவறு, 13இலிருந்து சரி: டேட்டாபேஸில் நாளும் மாதமும் எங்கே இடம் மாறுகின்றன?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட். டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்), பில், வாரச் சம்பளம் எல்லாம் விபி 6இல் (விஷுவல் பேசிக்) எழுதிய பழைய ப்ரோகிராமில் ஓடுகின்றன. டேட்டா முழுக்க ஒரே மைக்ரோசாஃப்ட் அக்சஸ் ஃபைலில்தான். ஆபீஸில் இரண்டு கம்ப்யூட்டர்களும் அதையே திறக்கின்றன. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் விண்டோஸை இந்தியத் தேதி முறைக்கு மாற்றி வைத்தீர்கள். அன்றிலிருந்து அந்த மெஷினில் போடும் பதிவுகளில் 1 முதல் 12 வரையுள்ள தேதிகளில் நாளும் மாதமும் இடம் மாறுகின்றன. 13க்கு மேல் எல்லாம் சரி. பழைய மெஷின் அமெரிக்க முறையில் இருந்தும் அதில் ஒரு குழப்பமும் இல்லை. "டேட்டாபேஸில் தேதி ஃபார்மட்டை நாள்-மாதம்-வருடம் என்று மாற்றுவது எப்படி? எஸ்க்யூஎல் சர்வருக்குப் போனால் தீர்ந்துவிடுமா?" என்பது உங்கள் கேள்வி. கூடவே, முதலாளிக்குப் பில்லில் தமிழ்த் தேதியும் வேண்டும் என்கிறீர்கள்.

இதற்குள் நீங்கள் கேட்காத ஒரு கேள்வியும் இருக்கிறது: ஏற்கெனவே மாறி விழுந்த பதிவுகளை என்ன செய்வது? இனி மாறாமல் பார்த்துக்கொள்வது ஒரு மணி நேர வேலை. விழுந்ததைத் திருத்துவதுதான் பொறுமையாகச் செய்ய வேண்டியது. பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, விசைத்தறிக் கூடம் என்று இந்தப் பக்கத்து ப்ரோகிராம்களைப் பல வருடமாக எழுதியும் சரிசெய்தும் வருகிறேன். இதே கதையைப் பல இடங்களில் பார்த்திருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், சந்தேகமே இல்லாத ஒரு விஷயம். தேதி வகையில் அமைத்த காலத்துக்கு (டேபிளின் செங்குத்து வரிசைக்கு, அதாவது column) ஃபார்மட் என்று ஒன்று கிடையாது. அக்சஸ் ஒரு தேதியை வெறும் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது: 1899 டிசம்பர் 30ஐப் பூஜ்யமாக வைத்து, அதிலிருந்து எத்தனையாவது நாள் என்ற எண். 2024 ஏப்ரல் 3 என்றால் உள்ளே இருப்பது 45385. மார்ச் 4 என்றால் 45355. அந்த எண்ணுக்கு இந்திய முறை, அமெரிக்க முறை எதுவும் இல்லை. திரையில் காட்டும்போதுதான் விண்டோஸ் தன் செட்டிங்கைப் பார்த்து அதற்கு உருவம் கொடுக்கிறது. ஆகவே டேட்டாபேஸில் ஃபார்மட்டை மாற்ற முடியாது, மாற்றத் தேவையும் இல்லை. தவறு நடப்பது, மனிதர் படிக்கும் எழுத்து உருவம் எண்ணாக மாறும் இடத்தில். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே எது நாள், எது மாதம் என்று ஐயமில்லாமல் சொல்லிவிட வேண்டும். உங்கள் சிக்கலுக்கு இதைத் தவிர வேறு தீர்வு இல்லை.

அந்த இடம் எது என்பதை உங்கள் விவரமே காட்டிக்கொடுக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரோ போஸ்ட்கிரெஸோ (இரண்டும் வேறு டேட்டாபேஸ்கள்) மாதம் முதலில் என்ற செட்டிங்கில் இருந்து, 13/04/2024 என்று கொடுத்தால், 13ஆவது மாதம் கிடையாது என்று எரர் காட்டி நின்றுவிடும். அக்சஸ் அப்படி நிற்காது. எஸ்க்யூஎல் வரியில் (டேட்டாபேஸுக்குத் தரும் கட்டளையில்) இரண்டு ஹேஷ் (#) குறிகளுக்கு நடுவே ஒரு தேதியை எழுதினால், விண்டோஸ் எந்த முறையில் இருந்தாலும் அதை மாதம் முதலில் என்றே படிக்கும். மாதமாகப் பொருந்தாவிட்டால் மட்டும், சத்தமில்லாமல் திருப்பி நாள் முதலில் என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 03-04-2024 மார்ச் 4 ஆகிறது, 13-04-2024 ஒழுங்காக ஏப்ரல் 13 ஆகிறது. 12 வரை தவறு, 13இலிருந்து சரி என்று யாராவது சொன்னால், வழியில் எங்கோ இப்படி விட்டுக்கொடுத்துப் படிக்கும் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். அக்சஸ் ஒன்று, எழுத்தைத் தேதியாக்கும் விபியின் சிடேட் ஃபங்ஷன் இன்னொன்று.

பழைய மெஷினில் இத்தனை நாள் ஏன் சரியாக ஓடியது என்பதும் இதிலிருந்தே புரியும். தேதி எடுக்கும் கட்டத்தில் இருப்பது உண்மையான தேதி மதிப்பு. அதை எஸ்க்யூஎல் வரியோடு ஒட்டும்போது விபி விண்டோஸின் ஷார்ட் டேட் முறைப்படி அதை எழுத்தாக்குகிறது. அமெரிக்க முறையில் அது 4/3/2024 என்று வரும். அக்சஸ் எதிர்பார்ப்பதும் அதுதான். இரண்டும் தற்செயலாக ஒத்துப்போயின. இந்திய முறைக்கு மாற்றியதும் 03-04-2024 என்று வர ஆரம்பித்தது. ஆக, புதுக் கம்ப்யூட்டர் மேல் பழி இல்லை. ப்ரோகிராமில் முதல் நாளிலிருந்தே இருந்த ஓட்டை இப்போது தெரிகிறது. ஹேஷ் குறிக்குள் அக்சஸ் எப்படிப் படிக்கும் என்பது உறுதி. உங்கள் ப்ரோகிராமும் வரியை ஒட்டித்தான் எழுதியிருக்கிறது என்பது அறிகுறிகளை வைத்து நான் ஊகிப்பது. கோடைப் பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. சோதிப்பது சுலபம். பதிவைச் சேர்க்கும் இன்சர்ட் வரி ஓடுவதற்கு முன்னால் அந்த முழு வரியையும் ஒரு மெசேஜ் பாக்ஸில் காட்டச் சொல்லுங்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே தேதியைப் போட்டு, ஹேஷ் குறிகளுக்கு நடுவே என்ன வருகிறது என்று பாருங்கள். வேறுபட்டால் ஊகம் சரி.

இனி மாறாமல் இருக்க இரண்டு வழி. நல்ல வழி, தேதியை எழுத்தாக்கவே கூடாது: ஏடிஓ (விபி டேட்டாபேஸோடு பேசும் வழி) கமாண்டில் பாராமீட்டராக, அதாவது வரியோடு ஒட்டாமல் தனி மதிப்பாக, தேதி வகையிலேயே அனுப்புங்கள். எழுத்து உருவமே இல்லாதபோது குழம்ப எதுவும் இல்லை. பழைய ப்ரோகிராமில் நூறு இடத்தில் வரி ஒட்டியிருந்தால் உடனே அப்படி மாற்றுவது சிரமம். அதற்குச் சின்ன வழி: தேதியை வாங்கி, வருடம் நான்கு இலக்கம், மாதம் இரண்டு, நாள் இரண்டு, நடுவில் ஹைஃபன் என்று ஃபார்மட் ஃபங்ஷனால் எழுத்தாக்கி, ஹேஷ் குறிகளும் போட்டுத் தரும் ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதி, எல்லா இடத்திலும் அதையே கூப்பிடுங்கள். 2024-04-03 என்று வருடம் முன்னால் நின்றால் அக்சஸ் தவறாகப் படிக்காது. ஹைஃபனுக்குப் பதில் ஸ்லாஷ் போடாதீர்கள். விபியின் ஃபார்மட் ஃபங்ஷனில் ஸ்லாஷ் என்பது ஸ்லாஷ் அல்ல. விண்டோஸில் எந்தப் பிரிப்புக் குறி இருக்கிறதோ அதைப் போடு என்ற கட்டளை. டாட் நெட்டிலும் இதே கதைதான்.

திரையிலும் பிரிண்டிலும் மாதத்தை எழுத்தில் காட்டுங்கள்: 03-ஏப்-2024 என்பது போல. இரண்டு கம்ப்யூட்டரும் வெவ்வேறு முறையில் காட்டும்வரை, எது டேட்டாவில் தவறு, எது காட்டுவதில் வேறுபாடு என்று உங்களுக்கே தெரியாது. திருத்த உட்காரும் முன் இதை முடித்துவிடுங்கள்.

சரி, எஸ்க்யூஎல் சர்வருக்குப் போனால்? ஒரு நன்மை நிச்சயம் உண்டு: அது அக்சஸ் மாதிரி சத்தமில்லாமல் திருப்பிப் படிக்காது, பொருந்தாத தேதிக்கு எரர் கொடுக்கும். ஆனால் 12க்குள் இருக்கும் தேதியில் அதுவும் ஏமாறும். எஸ்க்யூஎல் சர்வர் விண்டோஸ் செட்டிங்கைப் பார்ப்பதில்லை. உள்ளே வரும் லாகினுக்கு என்ன மொழி வைத்திருக்கிறது என்று பார்க்கிறது. அமெரிக்க ஆங்கிலம் என்றால் மாதம் முதலில், பிரிட்டிஷ் ஆங்கிலம் என்றால் நாள் முதலில். ஒரே சர்வரில் இரண்டு லாகினுக்கு ஒரே வரி இரண்டு தேதியைத் தரலாம். இதில் எத்தனையோ பேர் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது: பழைய டேட்டைம் வகைக் காலத்துக்கு 2024-04-03 கூடப் பாதுகாப்பானது அல்ல. பிரிட்டிஷ் லாகினில் அது வருடம், நாள், மாதம் என்று படிக்கப்பட்டு மார்ச் 4 ஆகிவிடும். டேட், டேட்டைம்2 வகைகளில் இந்தத் தொல்லை இல்லை. ஹைஃபன் இல்லாமல் 20240403 என்று எழுதினால் எந்த வகையிலும் எந்த மொழியிலும் ஏப்ரல் 3தான். கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேரின் எக்ஸ்எம்எல் இறக்குமதியும் இந்த எட்டு இலக்க வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறது. எழுத்திலிருந்து மாற்றியே ஆக வேண்டுமென்றால் கன்வெர்ட் ஃபங்ஷனில் எண்ணைக் குறிப்பிடுங்கள்: 103 என்றால் நாள்/மாதம்/வருடம், 101 என்றால் மாதம்/நாள்/வருடம். மைஎஸ்க்யூஎல் வருடம் முன்னால் வரும் வடிவத்தை எதிர்பார்க்கும். இந்த வரிசையைச் சொல்லும் செட்டிங்குக்குப் போஸ்ட்கிரெஸில் டேட்ஸ்டைல், ஆரக்கிளில் என்எல்எஸ் என்று பெயர்தான் வேறு. பாராமீட்டர் பயன்படுத்தினால் இவற்றில் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

எக்செல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருப்பூரில் பாதித் தேதிகள் அந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன. அமெரிக்க பையர் அனுப்பும் ஆர்டர் ஷீட்டில் 06/07/2024 என்றால் ஜூன் 7. இங்கிலாந்து பையரின் ஷீட்டில் அதுவே ஜூலை 6. ஜெர்மனியிலிருந்து வந்தால் புள்ளி வைத்து 06.07.2024 என்று, நாள் முதலில். ஷிப்மெண்ட் தேதியில் ஒரு மாதம் தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு யார் தலையில் விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிஎஸ்வி ஃபைலை எக்செல்லில் இரட்டைக் கிளிக்கில் திறந்தால் அது விண்டோஸ் முறைப்படி தானே படித்துவிடும். அமெரிக்க முறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் 03/04 தேதியாகி வலப்பக்கம் ஒட்டி நிற்கும். 13/04 புரியாமல் எழுத்தாகவே இடப்பக்கம் நிற்கும். ஒரே காலத்தில் (column) சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நின்றால் அந்த ஃபைலைச் சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள். டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து, தேதிக் காலத்தின் வரிசையை நீங்களே சொல்லுங்கள். ஷீட் முழுக்க 12க்குள் இருக்கும் தேதிகளே இருந்தால் எந்த ப்ரோகிராமாலும் கண்டுபிடிக்க முடியாது. பையரிடம் மெயிலில் கேட்டு, மாதத்தை எழுத்தில் எழுதி வாங்குவது ஒன்றே வழி.

இப்போது திருத்தும் வேலை. ஒரு வருடத்தில் 12க்குள் நாள் எண் உள்ள தேதிகள் 144. அதில் ஜனவரி 1, பிப்ரவரி 2 மாதிரி 12 தேதிகள் திருப்பினாலும் அதேதான். மீதி 132 தேதிகள் இடம் மாறக்கூடியவை. அந்தத் தேதிகளில் விழுந்த எல்லாவற்றையும் ஒரே அப்டேட் வரியில் திருப்பிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய கம்ப்யூட்டரில் போட்ட சரியான பதிவுகளும் அதே ஃபைலில் கலந்திருக்கின்றன. மொத்தமாகத் திருப்பினால் சரியாக இருந்ததும் கெட்டுவிடும், அப்புறம் எது எது என்று பிரிக்கவே வழி இருக்காது. முதலில் ஃபைலைக் காப்பி எடுத்து வையுங்கள். டேபிளில் பழைய தேதியை அப்படியே விட்டு, 'சரியான தேதி' என்று புதுக் காலம் ஒன்று சேருங்கள். திருத்தம் எல்லாம் அதில் மட்டும்.

எந்தக் கம்ப்யூட்டர், எந்த யூசர் என்று பதிவிலேயே இருந்தால் பாதி வேலை முடிந்தது: புது மெஷினின் பதிவுகளை, அந்த முறை மாற்றிய நாளுக்குப் பின் சேர்ந்தவற்றை மட்டும் எடுத்தால் போதும். இல்லாவிட்டால் டிசி நம்பரை நம்புங்கள். இரண்டு மெஷினுக்கும் ஒரே தொடர் எண் என்றால், நம்பர் வரிசையும் தேதி வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றாகப் போக வேண்டும். இங்கே நமக்குச் சாதகமான ஒரு கணக்கு இருக்கிறது: நாளும் மாதமும் இடம் மாறினால் அந்தத் தேதி குறைந்தது 27 நாளாவது தள்ளிப் போய்விடும். பிப்ரவரி 3 மார்ச் 2 ஆவதுதான் மிகச் சிறிய தாவல். மற்றதெல்லாம் அதைவிட அதிகம். தினமும் டிசி போடும் யூனிட்டில் முன்னும் பின்னும் ஏப்ரல் 2, ஏப்ரல் 4 என்றிருக்க, நடுவில் ஒன்று மார்ச் 4 என்று நின்றால் பளிச்சென்று தெரியும். இன்றைய தேதியைத் தாண்டி எதிர்காலத்தில் நிற்பவை தனியாக வரும். டிசியில் அப்படி ஒரு தேதிக்கு வேறு காரணம் இருக்க வழியில்லை.

வாரச் சம்பளப் பதிவுகளுக்கு இன்னும் நல்ல உரைகல் இருக்கிறது. சனிக்கிழமைதான் சம்பளம் என்றால் ஒவ்வொரு பதிவும் சனிக்கிழமையில் விழ வேண்டும். 2024 ஏப்ரல் 6 சனி. அது இடம் மாறினால் ஜூன் 4, செவ்வாய். கிழமையைப் பார்த்தாலே போதும், பெரும்பாலானவை சிக்கிவிடும். பெரும்பாலானவை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: இடம் மாறும் 132 தேதிகள் 66 ஜோடி, அதில் 6 ஜோடிகளுக்கு இரண்டு பக்கமும் ஒரே கிழமை. மே 9-செப்டம்பர் 5, ஜூலை 11-நவம்பர் 7, மார்ச் 12-டிசம்பர் 3 ஆகிய மூன்றும் எல்லா வருடமும் அப்படித்தான். மற்ற மூன்று, லீப் வருடமா இல்லையா என்பதைப் பொறுத்து மாறும். 2024 லீப் வருடம். ஜனவரி 6, ஜூன் 1 இரண்டும் சனி, பிப்ரவரி 3, மார்ச் 2 இரண்டும் சனி. இவற்றைக் கிழமை காட்டிக்கொடுக்காது. வவுச்சர் நம்பரையோ கையெழுத்து வாங்கிய சம்பள நோட்டையோதான் பார்க்க வேண்டும்.

எதை முதலில் திருத்துவது என்றால், நிதியாண்டைத் தாண்டிப் போனவற்றை. ஏப்ரல் 1, 2, 3 தேதிப் பதிவுகள் இடம் மாறினால் ஜனவரி 4, பிப்ரவரி 4, மார்ச் 4 ஆகி, முந்தைய நிதியாண்டுக்குள் போய்விடும். அதேபோல் ஜனவரி 10இல் போட்ட பில் அக்டோபர் 1 ஆகி அடுத்த நிதியாண்டில் நிற்கும். ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டியின் விற்பனை ரிட்டர்ன்) எடுக்கும்போது இந்த பில்கள் உரிய மாதத்தில் வராது. இ-வே பில்லும் இ-இன்வாய்ஸும் தேதியை நாள்/மாதம்/வருடம் என்ற எழுத்தாகவே வாங்குவதால், அங்கே ஏற்கெனவே ஏற்றிய பில்களின் தேதியை உங்கள் டேபிளோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். ஜாப் ஒர்க் டிசிக்கு இன்னொரு கணக்கு: ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி, சாயத்துக்கோ வேறு வேலைக்கோ அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். அனுப்பிய தேதியே தவறென்றால் அந்தக் கெடுவும் தவறாகத்தான் வரும். ரிட்டர்ன் ஏற்கெனவே தாக்கல் ஆகியிருந்தால் அதை எப்படித் திருத்துவது என்பது என் வேலையின் எல்லைக்கு வெளியே. பட்டியலைத் தயார் செய்து உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள்.

கடைசியாகத் தமிழ்த் தேதி. முதலாளி கேட்பது நியாயமானதே. சீட்டும் கைமாற்றும் தமிழ் மாதக் கணக்கில் நினைவு வைத்திருக்கிறவர்கள் நம் பக்கம் இன்னும் நிறையப் பேர். ஆனால் ஆடி 18 என்று டேபிளில் எழுத்தாகச் சேமிக்காதீர்கள். அதை வரிசைப்படுத்தவும் முடியாது, இரண்டு தேதிக்கு நடுவே எத்தனை நாள் என்று கணக்குப் போடவும் முடியாது. சேமிப்பது ஆங்கிலத் தேதி ஒன்று மட்டும். தமிழ்த் தேதி அச்சிடும்போது கணக்கிட்டு வரட்டும். தமிழ் மாதம் சூரியன் ராசி மாறுவதை ஒட்டிப் பிறப்பதால் அதன் நீளம் 29 முதல் 32 நாள் வரை மாறும். எல்லா வருடத்துக்கும் பொருந்தும் நிலையான நாள் கணக்கு கிடையாது. சின்ன டேபிள் ஒன்று போதும்: வருடத்துக்கு 12 வரி, ஒவ்வொன்றிலும் மாதத்தின் பெயரும் அது பிறக்கும் ஆங்கிலத் தேதியும். பில் தேதியன்றோ அதற்கு முன்போ வரும் கடைசி மாதப் பிறப்பைத் தேடி, பில் தேதியிலிருந்து கழித்து ஒன்று கூட்டினால் தமிழ்த் தேதி வந்துவிடும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் மாதப் பிறப்பு சில சமயம் ஒரு நாள் வேறுபடும். ஆகவே அந்த 12 வரிகளையும் முதலாளி வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறார்களோ அதிலிருந்தே எடுங்கள்.

மெசேஜ் பாக்ஸ் சோதனையை இரண்டு கம்ப்யூட்டரிலும் செய்து, வந்த இரண்டு வரிகளையும் இங்கேயே போடுங்கள். வாடிக்கையாளர் பெயர், தொகை எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடுங்கள். எனக்கு வேண்டியது ஹேஷ் குறிகளுக்கு நடுவில் இருப்பது மட்டும்தான். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஓட்டை வேறு இடத்தில், அனேகமாக சிடேட் கூப்பிடும் வரியில் இருக்கும். அப்படியானால் சேவ் பட்டனின் கோடை முழுதாகப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.